ரெசிடென்சி என்று பெயர் இருந்தால் போதுமா?

கடிதம் எழுதியவருக்கு 26 வயது. ஊர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமம். இப்போது பெங்களூரு ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு பிஜி விடுதியில் இருக்கிறார். ஆறாண்டு ஃபார்ம்.டி என்ற மருந்தியல் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, ஒன்றரை வருடமாக ஒரு தனியார் மருத்துவமனையில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் வேலை. கைக்கு வரும் சம்பளம் 24,000 ரூபாய். என்ன வேலை என்பதை அவர் வார்த்தையிலேயே சொல்கிறேன்: "டிரக் சார்ட்டில் (நோயாளிக்கு எழுதும் மருந்துப் பட்டியலில்) கேப்பிட்டல் லெட்டரில் எழுதியிருக்கிறார்களா, நேரம் போட்டிருக்கிறார்களா, கையெழுத்து இருக்கிறதா என்று டிக் அடிப்பது. ரவுண்ட்ஸில் பின்னால் நிற்பேன். டாக்டர்கள் என் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை."

இப்போது அவர் முன்னால் இரண்டு வழிகள். வேறொரு பெரிய மருத்துவமனை, கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட்களுக்கு 12 மாத 'அட்வான்ஸ்டு ரெசிடென்சி' என்று ஒரு பயிற்சிக்கு அழைத்திருக்கிறது. மாதம் 15,000 ஸ்டைபெண்ட், பயிற்சிக் கட்டணம் 60,000. முடித்ததும் இரண்டு வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும். நடுவில் விட்டால் 3 லட்சம் கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்க வேண்டும். இன்னொரு பக்கம், மான்யதா டெக் பார்க்கில் ஒரு கம்பெனியில் ஃபார்மகோவிஜிலன்ஸ் வேலை, அதாவது மருந்துகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிப்பது, 38,000 சம்பளம். அப்பா "கம்பெனிக்குப் போம்மா, கடனையாவது அடைக்கலாம்" என்கிறார். இவருக்கு மனசு ரெசிடென்சியில். அது அமெரிக்காவின் பிஜிஒய்-1 (பட்டத்துக்குப் பிந்தைய முதல் வருட) பயிற்சிக்குச் சமம், முடித்தால் நேராக பிசிபிஎஸ் (மருந்து சிகிச்சை நிபுணர் என்ற அமெரிக்கச் சான்றுக்கான) பரீட்சை எழுதலாம், பிறகு அமெரிக்காவில் பிஜிஒய்-2 (இரண்டாம் வருடம்) சேரலாம் என்று ஒரு சீனியர் சொன்னாராம். நடுவில் விட்டால் பணம் கட்ட வேண்டும் என்ற பாண்ட் பற்றியும் அதே சீனியர், "அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது, கையெழுத்துப் போட்டுவிட்டு வா" என்று சொல்லியிருக்கிறார். சேரலாமா என்பதுதான் கேள்வி.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதே ஊரில், ரவுண்ட்ஸில் கடைசி ஆளாக, கன்சல்டன்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றவன். அதனால் உங்கள் ஆசையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்தச் சீனியர் சொன்னதில்தான் எனக்குச் சிக்கல்.

பெயர் ஒன்று, பொருள் மூன்று

'ரெசிடென்சி' என்ற சொல் நம் துறையில் மூன்று வேறு விஷயங்களுக்குப் பயன்படுகிறது. முதலாவதை நீங்கள் ஏற்கெனவே முடித்துவிட்டீர்கள். பார்மசி கவுன்சில் ஆஃப் இந்தியா 2008-ல் கொண்டுவந்த ஃபார்ம்.டி விதிமுறையில், ஆறாம் ஆண்டுக்கே இன்டர்ன்ஷிப் அல்லது ரெசிடென்சி பயிற்சி என்றுதான் பெயர். பொது மருத்துவத்தில் ஆறு மாதம், வேறு மூன்று சிறப்புப் பிரிவுகளில் இரண்டிரண்டு மாதம். ஒதுக்கிய வார்டில் மாணவர் தானே பொறுப்பெடுத்து வேலை செய்ய வேண்டும் என்கிறது விதி. 300 படுக்கை மருத்துவமனையில் இது நடக்க வேண்டும். பல கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்: கேஸ் ஷீட்டைப் பார்த்து எழுதி, பைண்டு பண்ணி, வைவாவில் வைத்துவிட்டு வந்திருப்பீர்கள். அந்த ஒரு வருடம் ஒழுங்காக நடந்திருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி இருந்திருக்காது.

இரண்டாவது, அமெரிக்காவில் உள்ளது. பட்டம் முடித்து, அங்கே லைசென்ஸ் வாங்கும் தகுதி பெற்ற ஃபார்மசிஸ்டுக்கு, மருத்துவமனையில் 12 மாத பொதுப் பயிற்சி பிஜிஒய்-1. அதன்பின் தீவிர சிகிச்சை, புற்றுநோய், தொற்றுநோய் என்று ஒரே பிரிவில் இன்னொரு 12 மாதம் பிஜிஒய்-2. இந்தப் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தருவது ஏஎஸ்ஹெச்பி என்ற மருத்துவமனை ஃபார்மசிஸ்ட் அமைப்பு. ஒவ்வொரு பிரிவிலும் பிரிசப்டர் என்று பெயர் சொல்லக்கூடிய ஒரு ஆசான் இருப்பார். எழுத்தில் மதிப்பீடு தருவார். வருடம் முழுக்க ஓடும் ஒரு ஆய்வு வேலை இருக்கும்.

மூன்றாவது, உங்களை அழைத்திருக்கும் பயிற்சி. அது அந்த மருத்துவமனையே வடிவமைத்து, அதுவே சான்றிதழ் தருவது. அதற்காக அது மட்டம் என்று முடிவு கட்டவேண்டாம். இப்படி நடத்தப்படும் பயிற்சிகளில் நல்லவையும் உண்டு. ஆனால் அது பட்டம் கிடையாது. மாநில கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிவு செய்யக்கூடியதும் கிடையாது. டாக்டர்கள் செய்யும் எம்.டி-யோடு அதை ஒப்பிடாதீர்கள். எம்.டி-க்குப் பின்னால் சட்டம் இருக்கிறது. இதற்குப் பின்னால் அந்த மருத்துவமனையின் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

பிசிபிஎஸ் பற்றி உங்கள் சீனியர் சொன்னது பாதிதான் சரி. ரெசிடென்சி வழியாக அந்தப் பரீட்சைக்குப் போக வேண்டுமானால், அது ஏஎஸ்ஹெச்பி அங்கீகாரம் பெற்ற பிஜிஒய்-1 ஆக இருக்க வேண்டும். உங்களை அழைத்தவர்களிடம் அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். "அமெரிக்கப் பாடத்திட்டத்தின்படி" என்று பதில் வந்தால், இல்லை என்று அர்த்தம். அதோடு நின்றுவிடாமல் ஏஎஸ்ஹெச்பி பட்டியலிலும் நீங்களே தேடுங்கள். ஆனால் உங்கள் சீனியர் சொல்லாமல் விட்ட நல்ல செய்தி ஒன்று உண்டு. ரெசிடென்சியே இல்லாமல், வேலை அனுபவத்தை வைத்தும் பிசிபிஎஸ் எழுதலாம். மூன்று வருட அனுபவம், அதில் குறைந்தது பாதி நேரம் நேரடி மருந்து சிகிச்சை சார்ந்த பணி, கூடவே நடப்பில் உள்ள ஃபார்மசிஸ்ட் பதிவு. இந்தியாவில் பதிவு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். விதிகளை அவ்வப்போது திருத்துகிறார்கள் என்பதால், பணம் கட்டும் முன் அந்த வருட விதியைப் படித்துவிடுங்கள். உங்களுக்கு ஒன்றரை வருடம் ஏற்கெனவே கணக்கில் ஏறியிருக்கலாம். டிக் அடித்ததை மட்டும் அனுபவம் என்று காட்ட முடியாது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அமெரிக்கா போகும் எண்ணத்தை மூடச் சொல்லவில்லை. அந்த வழியில் முதல் கதவு ரெசிடென்சி இல்லை, எஃப்பிஜிஇசி சான்று. வெளிநாட்டுப் பட்டத்தைச் சரிபார்ப்பது, வெளிநாட்டில் படித்த ஃபார்மசிஸ்ட்களுக்கான எஃப்பிஜிஇஇ பரீட்சை, டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வு ஆகியவை அதில் அடங்கும். 2003 முதல் பட்டம் பெற்றவர்களுக்கு ஐந்தாண்டுப் படிப்பாவது இருக்க வேண்டும் என்பதால் நான்காண்டு பி.ஃபார்ம் அங்கே எடுபடாது. உங்கள் ஆறாண்டு ஃபார்ம்.டி எடுபடும். அதன்பின் ஒரு மாநிலத்தில் இன்டர்ன் நேரம், லைசென்ஸுக்கான நாப்லெக்ஸ் தேர்வு, விசா. பிஜிஒய்-2 இதற்கெல்லாம் அப்புறம். பெங்களூருவில் ஒரு வருடம் பயிற்சி எடுத்துவிட்டு நேராக அங்கே பிஜிஒய்-2 என்பது, ஓசூரில் பஸ் ஏறி மைசூரில் இறங்குவேன், நடுவில் பெங்களூரு வராது என்பதைப் போல.

டாக்டர்கள் ஏன் முகத்தைப் பார்ப்பதில்லை

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கடிதத்தில் நீங்கள் மூன்று இடத்தில் இதை எழுதியிருக்கிறீர்கள். பணத்தைப் பற்றி ஒரே இடத்தில்தான். ரெசிடென்சி சான்றிதழ் கையில் இருந்தால் டாக்டர்கள் மதிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். சான்றிதழைப் பார்த்து யாரும் மதித்து நான் கண்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. வலிப்பு நோயாளி ஒருவர், வயதானவர், சரியான சாப்பாடு இல்லாமல் உடம்பு தேய்ந்தவர். ஃபெனிடாய்ன் மாத்திரை போய்க்கொண்டிருந்தது. ரத்தத்தில் மருந்தின் அளவு 8 என்று ரிப்போர்ட் வந்தது. இருக்க வேண்டியது 10-லிருந்து 20. "குறைவா இருக்கு, டோஸ் ஏத்திடலாம்" என்று டியூட்டி டாக்டர் எழுதப் போனார். எனக்குக் கற்றுக்கொடுத்த சீனியர் ஃபார்மசிஸ்ட் அம்மா என் கையில் பேனாவைக் கொடுத்து, "ஆல்புமின் எவ்வளவு பாரு" என்றார். 2 கிராம். இந்த மருந்தில் பெரும்பகுதி ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான் ஓடும். ஆல்புமின் குறைந்தால், வேலை செய்யும் தனி மருந்தின் பங்கு கூடிவிடும்; மொத்த அளவு மட்டும் குறைவாகக் காட்டும். வந்த எண்ணை, ஆல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டியதால் வகுக்க வேண்டும். 8-ஐ 0.5-ஆல் வகுத்தால் 16. டோஸ் சரியாகத்தான் இருந்தது. ஃபெனிடாய்னில் கொஞ்சம் ஏற்றினாலும் ரத்த அளவு எகிறிவிடும். அந்தப் பெரியவர் மறுநாள் நடக்க முடியாமல் தள்ளாடியிருப்பார். அந்த டியூட்டி டாக்டர் அன்றைக்கு நன்றி எல்லாம் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவரே என்னைத் தேடி வந்து, "இந்தப் பேஷண்டுக்குக் கிட்னி பாதி போயிடுச்சு, என்ன டோஸ் போடலாம்?" என்று கேட்டார்.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் ஐசியூ ரவுண்ட்ஸில் ஒரு ஃபார்மசிஸ்டைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 1999-ல் வெளியானது. மருந்து எழுதும்போது நேரும், தடுக்கக்கூடிய பாதிப்புகள் 66 சதவீதம் குறைந்தன. ஃபார்மசிஸ்ட் சொன்ன 366 யோசனைகளில் 362-ஐ டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர் மருந்து எழுதும் இடத்திலேயே, எழுதும் நேரத்திலேயே, ஒரு எண்ணோடு பேசினார். எழுதி முடித்து மூன்று நாள் கழித்து, ஆடிட் படிவத்தோடு வரவில்லை.

உங்கள் மருத்துவமனை உங்களை வேலைக்கு எடுத்தது மருத்துவமனைகளின் தரத்துக்குத் தரும் என்ஏபிஹெச் அங்கீகாரத்துக்காக என்பது கடிதத்தைப் படித்தாலே புரிகிறது. அந்த அங்கீகாரத் தரங்களில் மருந்து மேலாண்மைக்குத் தனி அத்தியாயமே உண்டு. அதற்காக எடுக்கப்பட்டவர்களில் பலர் டிக் அடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். நீங்கள் நாளைக்கே வேறு மாதிரி செய்யலாம். ஒரு நாளைக்கு ஒரே ஒரு நோயாளி. அவருடைய கிரியாட்டினின், ஆல்புமின், கல்ச்சர் ரிப்போர்ட், வீட்டில் சாப்பிட்டு வந்த மாத்திரைகள், எல்லாவற்றையும் ரவுண்ட்ஸுக்கு முன்னால் படித்துவிட்டு, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். என்ன சொன்னீர்கள், ஏற்றுக்கொண்டார்களா, நோயாளிக்கு என்ன ஆனது என்று பெயர் இல்லாமல் குறித்து வையுங்கள். மருந்தால் பாதிப்பு வந்தால் ஃபார்மகோவிஜிலன்ஸ் புரோகிராம் ஆஃப் இந்தியாவுக்கு நீங்களே அறிக்கை அனுப்பலாம். 1800-180-3024 கட்டணமில்லா எண்ணும் உண்டு. ஆறு மாதத்தில் அந்த நோட்டு உங்கள் கையில் இருக்கும் எந்தச் சான்றிதழையும் விடப் பேசும். பிசிபிஎஸ் விண்ணப்பத்துக்கும் அதுதான் அனுபவம்.

ஆனால் இதைக் கூடவே இருந்து திருத்த ஒருவர் வேண்டும் என்கிறீர்கள். அது நியாயம். நல்ல ரெசிடென்சிக்கு இருக்கும் ஒரே மதிப்பும் அதுதான்.

சேரும் முன் அவர்களிடம் கேளுங்கள்

உங்களுக்கு பிரிசப்டர் யார், பெயர் என்ன, அவர் எந்த வார்டில், வாரத்துக்கு எத்தனை நாள் இருப்பார்? "எங்கள் டீம்" என்று பதில் வந்தால் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மாதம் வார்டில், எத்தனை மாதம் பார்மசி கவுன்டரிலும் ஸ்டோரிலும்? ஆள் பற்றாக்குறையை ரெசிடென்ட்களை வைத்துச் சமாளிக்கும் இடங்கள் உண்டு. மாதவாரி அட்டவணையைக் காகிதத்தில் வாங்குங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுத்தில் மதிப்பீடு உண்டா? போன வருடம் முடித்தவர்கள் இரண்டு பேரிடம் பேசலாமா? இதற்குத் தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

கடைசியாக, கொஞ்சம் குறும்பான கேள்வி. "இங்கே வேன்கோமைசினை எப்படிக் கண்காணிக்கிறீர்கள்?" என்று பிரிசப்டரிடம் கேளுங்கள். ரத்த அளவைப் பார்த்து டோஸ் முடிவுசெய்யும் ஆன்டிபயாடிக் அது. எம்ஆர்எஸ்ஏ என்ற, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியின் தீவிரமான தொற்றுக்கு, அடுத்த டோஸுக்கு முன் உள்ள அளவு 15-லிருந்து 20 இருக்க வேண்டும் என்ற பழைய இலக்கை 2020-ல் மாற்றிவிட்டார்கள். 24 மணி நேர ஏயுசி, அதாவது ஒரு நாள் முழுக்க ரத்தத்தில் இருக்கும் மருந்தின் மொத்தக் கணக்கு, 400-லிருந்து 600 என்பதுதான் இப்போதைய இலக்கு. ஏயுசி கணக்குப் போட அங்கே வசதி இல்லாமல் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் கேள்வியே புரியாமல் விழிக்கிற இடத்தில் 60,000 கட்டிக் கற்க என்ன இருக்கிறது?

பாண்ட், அசல் சான்றிதழ்

நான் வக்கீல் இல்லை. ஆனால் கோர்ட்டில் நிற்காது என்று நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடம் முடியும் முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றே தீர்ப்பளித்தது. அதற்காக எழுதியிருக்கும் 3 லட்சமும் தானாக அவர்களுக்குப் போய்விடாது. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஒப்பந்தத்தில் எழுதிய தொகை அதற்கு உச்ச வரம்பு. உங்களிடம் கட்டணமும் வாங்கி, சந்தைச் சம்பளத்தை விடக் குறைவாகவும் கொடுத்துவிட்டு, 'உனக்காக மூன்று லட்சம் செலவழித்தேன்' என்று சொல்வது அவர்களுக்கும் சுலபம் இல்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு நீங்கள் வக்கீல் வைத்து அலைய வேண்டும்.

பேரம் பேசுங்கள், கூச்சப்படாதீர்கள். கட்டணம் அல்லது பாண்ட், இரண்டில் ஒன்று மட்டும் என்று கேளுங்கள். பாண்ட் ஒரு வருடம். மாதம் போகப்போகத் தொகை குறைய வேண்டும். அந்த இரண்டு வருடத்தில் என்ன பதவி, என்ன சம்பளம் என்பதும் அதே காகிதத்தில் இருக்க வேண்டும். பயிற்சி வருடத்துக்கு உங்களை 'டிரெய்னி' என்று எழுதாமல் 'கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட்' என்று அனுபவச் சான்று தருவார்களா என்றும் கேளுங்கள். வளைகுடாவுக்குப் போகும்போது சான்றிதழ்களைச் சரிபார்ப்பவர்கள் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள்.

அசல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் காரணத்துக்கும் கொடுக்காதீர்கள். பார்த்துச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நகல் வைத்துக்கொள்ளட்டும். இதற்கு ஒத்துவராத இடத்தில் சேர வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்பா சொல்வதும் ஒரு கணக்குதான்

விடுதிக்கு 8,500, கல்விக் கடன் தவணை 7,200, வீட்டுக்கு 3,000 என்று எழுதியிருக்கிறீர்கள். 24,000-ல் 5,300 மிஞ்சுகிறது. 15,000 ஸ்டைபெண்டில், வீட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினாலும் மாதம் 700 துண்டு விழும். வருடத்துக்கு 8,400, கட்டணத்தோடு 68,400. பஸ் செலவு, போன், காய்ச்சல் வந்தால் மாத்திரை, எதுவும் இதில் இல்லை. பிஎஃப்பும் நின்றுபோகும். கையில் ஒரு லட்சமாவது சேமிப்பு இல்லாமல் இந்தப் படியில் கால் வைக்காதீர்கள். தவணை தவறினால் பாதிக்கப்படுவது கடனில் கூடக் கையெழுத்துப் போட்ட உங்கள் அப்பாவும்தான்.

ஃபார்மகோவிஜிலன்ஸ் வேலைக்குப் போனால் படித்தது வீண் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு நோயாளிக்கு வந்த பாதிப்பு மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா என்று பிரித்துப் பார்ப்பது மூளைக்கு வேலை கொடுக்கும் வேலைதான். ஆனால் இதையும் மறைக்க மாட்டேன்: மூன்று வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வார்டுக்குத் திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. சம்பளம் 55,000 ஆனபின் 25,000-க்கு யார் திரும்பி வருவார்கள்? போனால் திரும்ப மாட்டோம் என்று தெரிந்தே போங்கள். அது தோல்வி ஒன்றும் இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மாதம் இரண்டில் எதிலும் சேரமாட்டேன். இருக்கும் வேலையிலேயே ஆறு மாதம் அந்த நோட்டை நிரப்புவேன், மிஞ்சுவதில் முடிந்ததை மாதாமாதம் ஒதுக்குவேன். அதற்குள் கட்டணம் இல்லாத பயிற்சி ஏதாவது கண்ணில் படுகிறதா என்று தேடுவேன். கூடவே கன்னடம் கற்றுக்கொள்வேன். விடுதியில் எல்லோரும் தமிழ் பேசுவதால் தேவைப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வார்டில் தேவைப்படும். மாத்திரை அவர்களுக்கும் 'மாத்ரெ'தான். 'ஊட்டக்கெ முஞ்சே' என்றால் சாப்பாட்டுக்கு முன்னால், 'ஊட்டா ஆத மேலே' என்றால் சாப்பிட்ட பிறகு. டிஸ்சார்ஜ் ஆகும் கோலார்க்காரப் பாட்டியிடம் அவர் மொழியில் இந்த இரண்டைச் சொல்லிப் பாருங்கள். நர்சுகள் உங்களைக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். நர்சுகள் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் டாக்டர்கள் என்னையும் கூப்பிட்டார்கள்.

அந்த ரெசிடென்சியையே விட மனசில்லை என்றால், ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, காலை ரவுண்ட்ஸில் கூட நிற்க அனுமதி கேளுங்கள். கொடுத்தால், யார் என்ன பேசுகிறார்கள் என்பதை விட்டுவிட்டுக் கேஸ் ஷீட்டைப் பாருங்கள். அதில் ஃபார்மசிஸ்ட் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறதா, அதன் கீழே டாக்டர் ஏதாவது மாற்றியிருக்கிறாரா? இருந்தால், பெயர்களை அடித்துவிட்டு அந்த ஒப்பந்தத்தின் நகலை எனக்கு அனுப்புங்கள். எந்த வரியைத் திருத்தச் சொல்லலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.